எழுதும்போது கரண்ட் போனால்? அமிகா 1200-இல் பிஎஃப்எஸ்3 போடுவது எப்படி, எதற்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பழைய கம்ப்யூட்டர் பற்றி. கமடோர் கம்பெனி 1992-இல் கொண்டுவந்த அமிகா 1200. 14 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 2 எம்பி மெமரி. உங்க கையில இருக்கிற ஃபோன்ல ஒரு ஃபோட்டோவே அதைவிடப் பெருசா இருக்கும். 1994-இல் கமடோர் திவாலாகிவிட்டது. ஆனாலும் இந்த மெஷினை இன்னும் பலர் ஓட்டிக்கிட்டிருக்காங்க. நானும் ஒருத்தன்.

நான் வாங்கின மெஷின்ல பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியே இருந்தது. அதுல முன்னாடி வெச்சிருந்தவர் டீலக்ஸ் பெயிண்ட்ல வரைஞ்ச படங்கள். வேற எங்கயும் அதுக்குக் காப்பி இருக்கும்னு தோணலை. அதனால எனக்கு ஒரே கேள்விதான்: இந்த ஃபைல்கள் இனி பத்திரமா இருக்கணும்னா என்ன செய்யணும்?

அமிகாவில் ஷட்டவுன் கிடையாது

நிஜமாத்தான். விண்டோஸ்ல வர்ற மாதிரி ஒரு ஷட்டவுன் பட்டன் இதுல இல்லை. ஹார்ட் டிஸ்க் லைட் அணையுற வரைக்கும் பார்த்துட்டு, ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுவோம். அவ்வளவுதான்.

இப்போ அந்த லைட் எரியும்போதே கரண்ட் போயிடுச்சுன்னு வைங்க. அமிகாவோட சொந்த ஃபைல் சிஸ்டம் பேர் ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம், சுருக்கமா எஃப்எஃப்எஸ். டிஸ்க்ல எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியிருக்குன்னு அது ஒரு வரைபடம் வெச்சிருக்கும். எழுதுற வேலை பாதியில நின்னா, அந்த வரைபடத்தை நம்ப முடியாது. அடுத்த தடவை மெஷினைப் போட்டதும் பார்ட்டிஷன் முழுக்கப் படிச்சு வரைபடத்தைப் புதுசாப் போடணும். இதுக்குப் பேர் வேலிடேஷன். அது முடியும்வரை அந்தப் பார்ட்டிஷன்ல எதையும் எழுத முடியாது. வேலிடேஷனே தோத்துப்போனா, ரிப்பேர் சாஃப்ட்வேரைத் தேட வேண்டியதுதான்.

பிஎஃப்எஸ்3 வேற மாதிரி யோசிக்குது

மிகீல் பெல்ட் எழுதிய ப்ரொஃபஷனல் ஃபைல் சிஸ்டம்தான் பிஎஃப்எஸ். அதோட மூணாவது வடிவம் பிஎஃப்எஸ்3. இது பழைய கணக்கு மேலேயே திருத்தி எழுதாது. புது விவரத்தை வேற இடத்துல எழுதி முடிச்சுட்டு, கடைசியா ஒரே ஒரு பிளாக்கை மாத்தி, "இனி இதுதான் கணக்கு"ன்னு சொல்லும். நடுவுல கரண்ட் போனா? பழைய கணக்கு அப்படியே இருக்கும். கடைசியா செஞ்ச மாற்றம் மட்டும் போகும், டிஸ்க் பிழைச்சுக்கும். ஸ்விட்சைத் தட்டி அணைக்கிற மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்?

இன்னொரு லாபமும் உண்டு. எஃப்எஃப்எஸ்-இல் ஃபைல் பேர் 30 எழுத்துக்கு மேல போகாது, பிஎஃப்எஸ்3 அதைவிட நீளமான பேரை ஏத்துக்கும். ஃபோல்டரைத் திறந்து லிஸ்ட் பார்க்கிறதும் வேகம்.

டிஸ்க்கைப் படிக்கிற புரோகிராம் டிஸ்க்குள்ளயே இருந்தா?

நல்ல கேள்வி. எஃப்எஃப்எஸ், ராம் சிப்புக்குள்ள இல்லை, ரோம் சிப்புக்குள்ள இருக்கு. பிஎஃப்எஸ்3 அங்கே இல்லை. அப்புறம் எப்படி பூட் ஆகும்? டிஸ்க்கோட ஆரம்பத்துல ரிஜிட் டிஸ்க் பிளாக்னு ஒரு பகுதி இருக்கு. பார்ட்டிஷன் விவரம் மட்டுமில்லை, ஃபைல் சிஸ்டம் புரோகிராமையே அங்கே வைக்கலாம். மெஷின் முதல்ல அதை எடுத்து மெமரியில ஏத்திக்கிட்டு, அப்புறம்தான் பார்ட்டிஷனைத் திறக்கும். 80-களிலேயே இப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க.

இனி செய்முறை

முதல் வேலை, பழைய டிஸ்க்கை யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி பிட் பிட்டா முழு இமேஜ் எடுக்கிறது. அதை பிசியில மாட்டினா "இனிஷியலைஸ் பண்ணவா?"ன்னு விண்டோஸ் கேட்கும். வேண்டாம்னு மட்டும்தான் சொல்லணும். இமேஜ் கையில வர்ற வரைக்கும் நான் அந்த டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதலை.

அப்புறம் ஒரு 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, ஒரு ஐடிஇ அடாப்டர். 3.1 ரோமோட பழைய டிரைவர் 4 ஜிபி எல்லையைத் தாண்டினா, சுத்தி வந்து டிஸ்க்கோட ஆரம்பத்துலயே எழுதிடும் அபாயம் இருக்கு. முதல் தடவை செய்றவங்க அந்த எல்லைக்குள்ளயே இருங்க.

அமினெட் தளத்துல "பிஎஃப்எஸ்3 ஏஐஓ" கிடைக்கும். ஹெச்டிடூல்பாக்ஸ்ல பார்ட்டிஷன் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல அந்த ஃபைலைச் சேருங்க. அடையாள எண் ஹெக்ஸில் 50465303. 50, 46, 53 மூணும் பி, எஃப், எஸ் எழுத்துகளோட எண்கள், கடைசி 03 வடிவம். ஒவ்வொரு கட்டத்துலயும் டைப் பண்ணினதும் என்டர் தட்டுங்க, இல்லைன்னா அது ஏத்துக்காது.

மேக்ஸ்டிரான்ஸ்ஃபர்னு ஒரு கட்டம் வரும். அதுல ஹெக்ஸில் 1எஃப்ஈ00 போடுங்க, அதாவது 1,30,560 பைட், ஒரு தடவைக்கு 255 பிளாக். இதை விட்டுட்டா சில கார்டுகள்ல பெரிய ஃபைல்கள் சத்தமில்லாம கெட்டுப்போகும். எரர் எதுவும் வராது, அதுதான் பயம். சேவ் பண்ணி, ரீபூட் பண்ணி, குவிக் ஃபார்மட் கொடுத்தா வேலை முடிஞ்சது.

மாறலாமா, வேண்டாமா?

தினமும் ஓட்டுற மெஷின்னா கட்டாயம் மாறுங்க. ஆனா ஒண்ணு: எஃப்எஃப்எஸ் டிஸ்க்கை லினக்ஸ் நேரடியாப் படிக்கும், பிஎஃப்எஸ்3-ஐ அப்படிப் படிக்காது. பழைய ரிப்பேர் டூல் பலதுக்கும் இது புரியாது. கார்டே செத்துப்போனா எந்த ஃபைல் சிஸ்டமும் காப்பாத்தாது. அதனால நான் ரெண்டாப் பிரிச்சுட்டேன். ஓட்டுறதுக்கு பிஎஃப்எஸ்3 கார்டு. அந்தப் படங்களுக்கு, பழைய டிஸ்க்கோட இமேஜ், ரெண்டு தனித்தனி இடத்துல.

உங்க வீட்டுலயும் ஏதாவது பழைய ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குள்ள கிடந்தா, ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு இமேஜ் எடுத்து வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.