தொண்டினைச் சொல்லும் படத்திற்கும் ஓர் உபயம்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற தொண்டூழியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தனித்து வாழும் முதியோர்க்கு நண்பகல் உணவு கொண்டுசெல்லும் சிறியதோர் அறநிறுவனத்தின் செயலாளராக உங்கள் முன் நிற்கிறேன். எங்கள் பணியை விளக்கும் காணொளி ஒன்றுக்குப் பொருள் தேடிய அனுபவத்தைக் கூறுமாறு தலைவர் அவர்கள் பணித்தார்கள். அப்பணியை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்.

வீவக ஓரறை வாடகை வீடுகளில், மூடிய கதவுகளுக்குப் பின்னே முதுமை எப்படிக் கழிகிறது என்பதை நாங்கள் எத்தனையோ கடிதங்களில் எழுதினோம். படித்தவர் சிலரே, உதவியவர் அதனினும் சிலர். நான்கு நிமிடப் படம் ஒன்று இருந்தால் நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் காட்டலாமே என்று எண்ணினோம். படத் தயாரிப்பாளர் ஒருவரிடம் விலை கேட்டோம். அவர் கூறிய தொகை எங்கள் மூன்று மாத உணவுச் செலவுக்கு ஈடாக இருந்தது!

செயற்குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "சோற்றுக்கென்று உண்டியலில் போட்ட காசை எடுத்துப் படம் பிடிப்பது தருமமா?" என்று வினவினார். எவரும் வாய் திறக்கவில்லை.

சட்டத்தில் எங்களுக்கு இடம் இருந்தது. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஓர் அறநிறுவனம் ஓராண்டில் நிதி திரட்டச் செய்யும் செலவு, அவ்வாறு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. நூறு வெள்ளி திரட்டினால் முப்பது வெள்ளி வரை செலவிடலாம். ஆயினும், கொடுத்தவர் எதை நினைத்துக் கொடுத்தார் என்பதைச் சட்டப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள இயலாதல்லவா?

அதே வேளையில், சொல்லாமல் இருந்தால் கொடுப்பார் எவருமிலர் என்பதும் உண்மையே. 1950-களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள், அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார்கள். எளிய மக்களும் தம்மால் இயன்றதை ஈந்தார்கள். வேண்டுகோளை வீடுதோறும் கொண்டுசெல்ல அன்று நாளிதழ் இருந்தது. நம் காலத்தில் அந்த வேலையைக் காணொளி செய்கிறது.

வழி காட்டியது இந்த ஆலயமே ஆகும். நவராத்திரி உபயப் பட்டியலை இங்குள்ள அறிவிப்புப் பலகையில் கண்டேன். பால் ஒருவர் உபயம். பூமாலை ஒருவர் உபயம். அன்னதானம் ஒரு குடும்பத்தார் உபயம். எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே ஒவ்வொருவரும் கொடுக்கிறார்கள். படத்திற்கும் இவ்வாறே உபயம் தேடினால் என்ன?

செலவைக் கூறு கூறாகப் பிரித்து எழுதினோம். படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, பின்னணி இசை, ஆங்கில வசன வரிகள், படக்குழுவினர்க்கு உணவு எனத் தலைப்புகள் பிரிந்தன. பெருந்தொகையைக் கண்டு பின்வாங்கியவர்கள், சிறு பகுதியைக் கண்டு முன்வந்தார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் படம்பிடிக்க இசைந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வசன வரிகளை எழுதினார். திரைப்பாடலை உரிமையாளரின் அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்பதால், நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் தாமே வாசித்துப் பதிவுசெய்து தந்தார். எஞ்சிய செலவை ஐந்து குடும்பத்தார் ஏற்றனர். உண்டியல் காசு ஒரு வெள்ளிகூடத் தொடப்படவில்லை.

முழுச் செலவையும் ஏற்பதாக வணிகர் ஒருவரும் முன்வந்தார். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். தம் கடையின் பெயர் படம் நெடுகத் தெரிய வேண்டும். முதியோர் கண்ணீர் விடும் காட்சியும் இடம்பெற வேண்டும் என்றார். நன்றி கூறி விடைபெற்றோம்.

அந்த முடிவு சரியே என்பதை உணர்த்தியவர், எங்களிடம் உணவு பெறும் பாட்டி ஒருவர். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இன்படி இசைவு பெறவே அவரிடம் சென்றோம். "முகத்தைக் காட்ட வேண்டாம், தம்பி. ஊரில் பேரப்பிள்ளைகள் பார்த்தால் வருந்துவார்கள். நான் கீரை ஆய்ந்து தருகிறேன், கையை எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார். கீரை ஆயும் அந்தக் கைகளே எங்கள் படத்தின் முதற்காட்சி. அதைக் கண்டபின் புதிய தொண்டூழியர் பலர் வந்து சேர்ந்தார்கள்.

இம்முயற்சியில் இறங்க எண்ணும் அன்பர்கட்குச் சில சொற்கள். படத்தை எவர்க்குக் காட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படச் செலவுக்குத் தனிக் கணக்கேடு வையுங்கள். ஐ.பி.சி. தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு வழங்கும் தகுதியான நன்கொடைகளுக்கே வரிக்கழிவு உண்டு. இலவசமாக நல்கும் உழைப்புக்கு அது கிடையாது என்பதை முன்னரே தெரிவித்துவிடுங்கள். உபயதாரர் பெயர்களைப் படத்தின் இறுதியில் ஒரே அளவு எழுத்தில் இடுங்கள்.

அன்று வினா எழுப்பிய மூத்த உறுப்பினர், படக்குழுவினரின் உணவுக்கான உபயத்தைத் தாமே ஏற்றார் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக!