சிதம்பர யாத்திரையும் செலவுக் கணக்கும்

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களுக்குச் சிதம்பரம் கடல் கடந்த ஊரே ஆயினும் அந்நிய ஊர் அன்று. ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும், இரு கரைகளிலும் புகையிரதமும் இணைந்து ஓடின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அந்தப் பழைய வழி மறைந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமான சேவை 2022 டிசம்பரில் மீளத் தொடங்கியது. காங்கேசந்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்ற கப்பற் சேவை, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமாயிற்று. வழி உண்டு, கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதே இனிக் கேள்வி.

ஆயுளில் ஒரு முறையாவது தில்லைக் கூத்தனைக் கண்டுவிட வேண்டும் என்று காத்திருக்கும் மூதாட்டிகள் பல வீடுகளில் உளர். அவர்களை அழைத்துச் செல்வதற்காக நகையை ஈடு வைத்துப் புறப்பட்டு, திரும்பியபின் நெடுங்காலம் வட்டி கட்டுவோர் உண்டு. சிக்கனம் என்று எண்ணி முதியவரை இரவெல்லாம் உறக்கமின்றி அலைக்கழித்து, சந்நிதியில் நிற்கவும் வலுவில்லாதவராக்கி விடுவோரும் உண்டு. இவ்விரண்டும் கணக்குப் பிழைகளே.

செலவை முதலில் இரு கூறாகப் பிரித்தல் வேண்டும். கடவுச்சீட்டு, விசா, காப்புறுதி முதலியவை எளிய பயணிக்கும் வசதியான பயணிக்கும் ஏறக்குறைய ஒன்றே. இவற்றில் குறைக்க இடமில்லை. ஆதலால் இவற்றையே முதலில் எழுத வேண்டும். எஞ்சிய பணத்தைக் கொண்டே போக்குவரத்து, தங்குமிடம், உணவு என்பவற்றின் தரம் முடிவாகும்.

இந்தியாவில் ஆகும் செலவை இந்திய ரூபாயிலேயே எழுதி, இறுதியில் மாத்திரம் இலங்கை ரூபாய்க்கு மாற்றுதல் நன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. அவ்வாண்டில் பழைய மாற்று விலையை நம்பிக் கணக்கிட்டவருடைய ஏடு இரண்டு மாதங்களில் பயனற்றதாயிற்று.

யாத்திரை செய்வோரை மூன்று படிகளில் வைத்து நோக்கலாம். முதற்படியினர் கப்பலிற் சென்று, பேருந்திலும் சாதாரணப் புகையிரத வகுப்பிலும் பயணஞ் செய்து, மடத்திலோ சிறு விடுதியிலோ தங்குவர். இரண்டாம் படியினர் முன்பதிவு செய்த படுக்கை வசதியும், குளியலறையுடன் கூடிய அறையும் நாடுவர். மூன்றாம் படியினர் விமானத்தில் இறங்கி, குளிரூட்டிய அறையில் தங்கி, பயணம் முழுவதற்கும் வாடகைக் கார் வைத்துக்கொள்வர்.

இம்மூன்றில் ஒன்றைத் தெரிந்து பயணம் முழுவதையும் அதன்படியே நடத்த வேண்டும் என்ற நியதி இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியே படி வகுப்பதே அறிவுடைமை. கணவன், மனைவி, பள்ளிப் பிள்ளை, எழுபது வயது கடந்த தாய் ஆகிய நால்வர் செல்வதாக வைத்துக்கொள்வோம். விமானச் சீட்டு ஆளுக்கு ஒன்று, நால்வருக்கு நான்கு. வாடகைக் காரோ நால்வருக்கும் ஒன்றே. ஆகவே இக்குடும்பம் கடலைக் கப்பலிற் கடந்து, மிஞ்சிய பணத்தில் நாகபட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கார் அமர்த்தலாம். காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி வழியாகச் செல்லும் அப்பாதையில் தாயார் விரும்பிய இடத்தில் இறங்கி இளைப்பாறவும் கூடும். விமானத்தில் வருவோர் சென்னையிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தரைவழியே செல்ல வேண்டும். அச்செலவையும் விமானச் சீட்டின் விலையோடு கூட்டிப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.

தங்குமிடத்திலும் இதே நோக்கு வேண்டும். நடராசர் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில் மீண்டும் திறக்கப்படும். காலையும் மாலையும் தரிசிப்போர் தொலைவில் மலிவான விடுதி எடுத்தால், நாளொன்றுக்கு நான்கு முறை வண்டிக் கூலி கொடுக்க நேரும். தேரோடும் வீதிகளுக்கு அண்மையில் சற்றுக் கூடிய வாடகைக்கு அறை எடுப்பதே சில வேளைகளில் சிக்கனமாகும். உணவில் அத்தகைய கவலை இல்லை. எளிய சைவ உணவுச்சாலையின் இட்டலியும் சோறும் எப்படியினர்க்கும் போதும். தாயாருக்குக் கீழ்ப் படுக்கையும் நல்லுறக்கமும் தருவதற்குச் செலவிடும் பணம் வீணன்று. அறையின் அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கலாம்.

காலமும் கணக்கில் ஒரு கூறு. மார்கழித் திருவாதிரைக்குச் செல்ல விரும்புவோர், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதையும் அதனால் கப்பற் சேவை நிறுத்தப்படக் கூடும் என்பதையும் நினைத்து, விமானக் கட்டணத்தையே கணக்கில் வைத்தல் வேண்டும். ஆனித் திருமஞ்சனத்துக்குச் செல்வோர்க்கு இக்காற்றின் இடையூறு இல்லை. ஆயினும் சேவை நடைபெறும் நாட்களை முன்கூட்டியே விசாரித்தறிதல் அவசியம்.

இனி, பல குடும்பங்களின் கணக்கைக் கவிழ்ப்பது பட்டுச் சேலை. பயணச் செலவுக்கான பணமும் கடைச் செலவுக்கான பணமும் ஒரே பையில் இருந்தால், முதலாவது இரண்டாவதற்கு இரையாகும். புடவை வாங்கும் பணத்தைத் தனி உறையிலிட்டு, அவ்வுறை வெறுமையானதும் கடை ஏறுவதை நிறுத்த வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பொதிக்கு விமானத்தில் தனிக் கட்டணம் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

முடிவாக, மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையேனும் தொடாமல் ஒதுக்குதல் வேண்டும். காய்ச்சலுக்கு மருந்தும், தவறிய கப்பலுக்கு மறுநாள் அறை வாடகையும் அதிலிருந்தே வரும். அவ்வாறு ஒதுக்க இயலாவிடில் ஒரு படி இறங்கலாம். அல்லது ஓராண்டு பொறுத்துச் சேமிக்கலாம். மூதாட்டியின் உடல்நிலை அந்த ஓராண்டுக்கு இடந்தராதாயின், உடன் செல்வோரின் தொகையைக் குறைத்து, அவரையும் துணைக்கு ஒருவரையும் அனுப்புவதே தக்கது. நால்வர் கடன்பட்டுச் செல்வதினும் இருவர் கடனின்றிச் சென்று வருதல் வீட்டுக்கு நலம்.