கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகை?

(எண்ணூரில் தொழிலாளர் வாயிற்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



டிசம்பர் பிறந்தால் ராயபுரத்திலிருந்து எண்ணூர்க் குப்பங்கள் வரை வாசலில் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து வந்தது. ராயப்பர் என்றால் பேதுரு. வலை வீசிப் பிழைத்தவர். துறைமுகம் கட்டுவதற்கு முன், மசூலாப் படகில் அலை தாண்டிக் கப்பல் சரக்கைக் கரைசேர்த்த உழைப்பாளிகளில் பலர் அவரைக் கும்பிட்டவர்கள். ஆகவே இதை வெள்ளைக்காரன் விட்டுப்போன பண்டிகை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஏசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. 354ஆம் வருஷத்து ரோமாபுரிப் பஞ்சாங்கம் ஒன்றில்தான் டிசம்பர் 25 காணப்படுகிறது. அங்கே அந்தக் குளிர்காலத்தில் முன்பே ஒரு பண்டிகை உண்டு. டிசம்பர் 17-ல் தொடங்கும் சாட்டர்னாலியா! அந்தச் சில நாள் அடிமைக்கும் ஓய்வு, எஜமானோடு விருந்து, சூதாட்டம்கூட. மெழுகுவத்தியும் சிறு பொம்மையும் பரிசு கொடுப்பார்கள். பண்டிகை முடிந்ததும் பழைய நுகத்தடிதான். சூரியனுக்கும் அங்கே வழிபாடு இருந்தது. எதிலிருந்து எது வந்தது என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும்.

வீட்டில் வைக்கும் குடில், 1223-ல் இத்தாலியில் பிரான்சிஸ் என்ற ஏழைத் துறவி பரப்பிய வழக்கம். மரம் ஜெர்மனியிலிருந்து வந்தது.

லூக்கா எழுதிய கதையைப் பாருங்கள். சீசர் குடிக்கணக்கு எடுக்க உத்தரவிடுகிறான். கர்ப்பிணிப் பெண் ஊர் விட்டு ஊர் போகிறாள். சத்திரத்தில் இடமில்லை, தீவனத் தொட்டியில் பிள்ளையைக் கிடத்துகிறாள். முதல் சேதி யாருக்குப் போயிற்று? அரண்மனைக்கா? இல்லை! வயல்வெளியில் ஆட்டுக்கிடைக்குக் காவலிருந்த இடையர்களுக்கு. நம் பாஷையில் சொன்னால், நைட் ஷிப்டு ஆட்களுக்கு!

ஆனால் அந்த ஆட்களுக்கு இந்த ஒரு நாளைக் கொடுக்க முதலாளிகளுக்கு எளிதில் மனம் வந்ததா? 1843-ல் டிக்கன்ஸ் எழுதிய கதையில் ஒரு முதலாளி, தன் குமாஸ்தாவுக்குக் கிறிஸ்துமஸ் அன்று சம்பளத்தோடு லீவு விட முனகுகிறான். ஸ்காட்லாந்தில் 1958 வரை அது பொது விடுமுறையே அல்ல.

அதே 1958-ல் சென்னை ராஜ்யத்தில் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் போக, பண்டிகைக்கென ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு. எந்தப் பண்டிகைகள் என்பதை முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் கலந்தே இன்ஸ்பெக்டர் முடிவு செய்ய வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் லீவும். இவை சட்டத்தில் உள்ள வார்த்தைகள், யாரும் போடும் பிச்சை அல்ல. ஆனால் கேட்டுக்கு உள்ளே நடப்பது என்ன? நிரந்தரத் தொழிலாளிக்குப் பண்டிகை நாள். பக்கத்தில் நின்று அதே மூட்டையைத் தூக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்குக் கூலியில்லாத நாள்!

டிசம்பர் 25 நமக்கு இன்னொரு நாளும்கூட. 1968-ல் அந்த இரவில்தான் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை, குழந்தைகளையும் சேர்த்து, ஒரே குடிசைக்குள் எரித்தார்கள்.

கோயிலுக்குப் போகிறவர் போகட்டும். வெண்மணிக்கு அஞ்சலி செலுத்தப் போகிறவர் போகட்டும். இரண்டுக்கும் சம்பளத்தோடு லீவு வேண்டும், காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து. மனு இதோ மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போங்கள், தோழர்களே!