ஸ்டார்ட் பொத்தான் யாருடையது?

(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மட்டாஞ்சேரியில் உழைப்பைப் பற்றிப் பேசும் எவரும் சாப்பாவைக் குறிப்பிடாமல் பேச முடியாது. கொச்சித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கான உலோக வில்லை அது. கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்துக்குள் அது வீசி எறியப்படும். அடித்துப் பிடித்து எடுத்தவருக்கு அன்று வேலை. எடுக்க முடியாதவருக்குப் பட்டினி. அந்த முறையை ஒழிக்க நடந்த போராட்டத்தின்போதுதான் 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. சைது, செய்தலவி, ஆண்டனி ஆகிய தொழிலாளர்கள் அப்போராட்டத்தில் உயிரீந்தனர்.

கணினியைப் பற்றிய உரை இங்கே தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். உயிர் கொடுத்து நடந்த போராட்டத்தோடு திரையில் உள்ள ஒரு பொத்தானைச் சமமாக வைப்பது தகாது. அது நோக்கமும் அன்று. ஆனால் பஜார் ரோட்டு மண்டியின் கணக்கருக்கும், வங்கி ஊழியருக்கும், அச்சகத்தில் பக்கம் அமைப்பவருக்கும் இன்று கணினியே உழைப்புக் கருவி. அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இந்தக் கேள்வி 2012இல் உலகெங்கும் வெளிப்படையாகவே எழுந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 8 இயங்குதளத்தை வெளியிட்டது. 1995 முதல் திரையின் மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தான் அதில் இல்லை. கணினியைத் திறந்ததும் வண்ணச் சதுரங்கள் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டன. அவை விரலால் தொடுவதற்கென வரையப்பட்டவை. அலுவலக மேசைகளில் இருந்த பெரும்பாலான கணினிகளுக்கோ தொடுதிரையே கிடையாது. கணினியை அணைக்கும் வழிகூடப் புலப்படவில்லை. மவுஸை வலது மூலைக்கு நகர்த்தி, ஒளிந்திருக்கும் பட்டையை வரவழைத்து, அதில் அமைப்புகள் பகுதியைத் திறந்து, அதற்குப் பிறகே அணைக்க முடியும். பதினேழு ஆண்டுக் கைப்பழக்கம் ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று.

பயனாளர்கள் கொதித்தனர். ஸ்டார்ட் பட்டியலின் பயன்பாடு குறைந்து வருவதாகத் தான் திரட்டிய தரவுகளே காட்டுகின்றன என்று நிறுவனம் விளக்கம் தந்தது. எதிர்த்தவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘மாற்றத்தை வெறுப்பவர்கள்’. ஆலைகளில் புதிய எந்திரம் புகும்போதெல்லாம் தொழிலாளிக்குச் சூட்டப்பட்ட அதே பழைய பெயர்தான். உண்மைக் காரணம் வேறிடத்தில் இருந்தது. 2010இல் ஆப்பிளின் ஐபேட் வந்து கைக்கணினிச் சந்தையைத் திறந்துவிட்டது. அந்தச் சந்தையில் இடம் பிடிக்கவும், விற்கும் செயலிகளில் 30 சதவீதம் வரை தரகு எடுக்கும் சொந்தக் கடையைத் திறக்கவும் மைக்ரோசாஃப்ட் விரும்பியது. அதற்காக மேசைக்கணினியில் நாளெல்லாம் உழைப்பவரின் வசதி பலியிடப்பட்டது.

விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி அடுத்த மாதமே நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். 2013 அக்டோபரில் பொத்தான் திரும்பியது. அழுத்தினால் வந்தவையோ அதே சதுரங்கள்! பட்டியல் முறையாகத் திரும்பி வந்தது 2015 ஜூலையில், விண்டோஸ் 10 வெளியானபோதுதான். இடைப்பட்ட காலத்தில் பழைய பட்டியலை மீட்டுத்தரும் சிறு மென்பொருள்கள் வெளியாரிடமிருந்து வந்தன; சில இலவசம், சில விலைக்கு. பணம் கொடுத்து வாங்கிய வீட்டுக்குக் கதவை மாட்ட இன்னொருவருக்குக் கூலி கொடுத்த கதை அது. தனி மனிதரின் கோபம் மட்டும் அந்நிறுவனத்தை அசைத்துவிடவில்லை. பெரும் அலுவலகங்கள் விண்டோஸ் 7ஐ விட்டு நகர மறுத்தன. அசைத்தது அந்த விற்பனை இழப்பே.

கட்டற்ற மென்பொருள் உலகில் இத்தகைய எதேச்சதிகாரம் இல்லை என்று சொன்னால் அது பொய். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளியாகி, லினக்ஸ் பயனாளர்கள் பழகிய திரையைத் தலைகீழாக்கியது. அதே மாதம் உபுண்டு தன் யூனிட்டி திரையைப் புகுத்தியது. லினக்சைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே க்னோமைக் கடுமையாகச் சாடிவிட்டு வேறொரு திரைக்கு மாறினார். கோபம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அடுத்து நடந்தது வேறு. க்னோமின் பழைய மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனாளர் அதை எடுத்து அதே ஆண்டிலேயே மாத்தே என்ற பெயரில் உயிர்ப்பித்தார். அந்நாட்டு மக்கள் அருந்தும் ஒரு பானத்தின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் குழுவினர் சினமன் என்ற தனித் திரையை உருவாக்கினர். மனு கொடுத்துக் காத்திருக்கும் நிலை அங்கே எவருக்கும் ஏற்படவில்லை. யூனிட்டியைக் கைவிடுவதாக உபுண்டுவின் நிறுவனமும் 2017இல் அறிவித்தது.

இந்த வேறுபாட்டின் பொருளைக் கேரளப் பள்ளிகள் முன்னதாகவே உணர்ந்திருந்தன. 2001இல் ஐ.டி.@ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடம் மைக்ரோசாஃப்ட் மென்பொருளைச் சுற்றியே அமைந்தது. ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பாடநூலாக்குவதைக் கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. 2006இல் வந்த இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில் மாற்றம் விரைவுபெற்றது; 2008இல் பத்தாம் வகுப்பின் ஐ.டி. தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. பழகியதை விட்டுவிட ஆசிரியர்களுக்கும் தயக்கம் இருந்தது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் ஆசிரியர்களே என்பதால் அது கரைந்தது. இன்று அப்பணியை நடத்தும் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனித் தொகுப்பைப் பள்ளிகளுக்கு வழங்குகிறது. உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அது கணக்கிட்டது. எந்தத் திரை, எந்தச் செயலி, எந்தப் பாடத்துக்கு என்பது ரெட்மண்டில் முடிவாவதில்லை, கேரளத்திலேயே முடிவாகிறது. ஐ.டி. பாடநூல் தமிழ்வழியிலும் அச்சாகிறது.

இந்த வரலாற்றை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு நகர்ந்த குறைகூடப் பெரிதல்ல. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலியும் இல்லாத கணினியை அது ஏற்பதில்லை. நன்றாக ஓடும் எந்திரத்துக்கு வாசலிலேயே அனுமதி மறுப்பு. ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் இதனால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட ரீகால் வசதியோ, திரையில் தெரிவதைச் சில நொடிக்கொருமுறை படம் பிடித்து வைப்பது. எதிர்ப்பு எழுந்ததும் அதைத் தள்ளிப்போட்டு, பயனாளர் விரும்பினால் மட்டும் இயங்கும்படி மாற்றினர். கூட்டாகக் குரல் எழுப்பினால் பலன் உண்டு என்பதற்கு அது அண்மைச் சான்று.

இடையூறுகளை மறைக்கத் தேவையில்லை. மண்டிக் கணக்கர் நாள்தோறும் திறக்கும் டாலி விண்டோசுக்கென்றே எழுதப்பட்டது. பழைய எழுத்துருக்களையும் பேஜ்மேக்கரையும் நம்பி இயங்கும் அச்சகத்தில், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது தோழருக்கு உதவியாகாது. அவருடைய வேலையை நிறுத்துவதாகவே முடியும். விண்டோஸ் 8 செய்த பிழையை இன்னொரு கொடியின் கீழ் செய்வதாகும் அது.

ஆனால் சங்க அலுவலகத்திலும் வாசகசாலையிலும் உள்ள கணினிகளில் நடப்பது பெரும்பாலும் கடிதமும் தீர்மானமும் உறுப்பினர் பட்டியலும்தான். அங்கே தொடங்கலாம். தோபிகானாவின் தமிழ்க் குடும்பங்களிலிருந்து அரசுப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. அவர்களை அழைத்து உட்கார வைத்தால் வழிகாட்டுவார்கள். பழைய இயங்குதளத்தை அழிக்க வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடியும். அச்சுப்பொறி ஓடுகிறதா, தமிழ்99 விசைப்பலகை வருகிறதா, பழைய கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்பதை ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துகொள்ளலாம்.