பிள்ளையோடு நாமும் மாணவராவோம்
(சபை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சிறு பிள்ளைகள் பள்ளியில் என்ன படிக்கிறார்கள், அதற்கு நாம் வீட்டில் எப்படித் துணை நிற்கலாம் என்று பேசும்படி என்னிடம் கேட்டார்கள். நான் ஆசிரியை அல்ல, செவிலியர். ஒரு பிள்ளையை இங்கே முதல் வகுப்பிலிருந்து வளர்த்த தாய் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு கதை. உண்மைக் கதை. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி இரண்டு ஜெர்மானிய வாலிபர்கள் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுச்சோ. சீகன்பால்கு பிறந்தது சாக்சன் நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில், படித்தது ஹாலேயில். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்து, தாம் தங்கியிருந்த இடத்திலேயே பள்ளியை நடத்தும்படி கேட்டுக்கொண்டார். உங்கள் வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுதி எழுதித் தமிழ் எழுத்துக்களைப் படித்தார். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் எழுந்து போகவில்லை. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நம் முன்னோரின் கைக்கு வந்தது.

அன்பானவர்களே, அவர் இங்கிருந்து அங்கே போனார். நாம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறோம். அவர் செய்ததை நாம் செய்கிறோமா என்பதுதான் என் கேள்வி. நான் செய்யவில்லை. அதைச் சொல்ல என் மகனிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அவன் முதல் வகுப்பில் சேர்ந்த நாளில், தன் உயரத்துக்குப் பாதி இருந்த ஷூல்டூட்டேயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பு முடித்து வந்த நான், அதை இங்கே ஏற்றுக்கொள்ள வைப்பதற்காக அப்போது ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தமிழ் பேசினால் பையனின் ஜெர்மன் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். என் அரைகுறை ஜெர்மனிலேயே அவனிடம் பேசத் தொடங்கினேன். சாப்பிடு, கை கழுவு, சீக்கிரம், வீட்டுப்பாடம் முடிந்ததா? அதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது. சில மாதங்களில் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "கூட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அவனையே மொழிபெயர்ப்பாளனாக அழைத்துப் போனேன். ஆசிரியை நீளமாகப் பேசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அம்மா, நான் கதை சொன்னா ரெண்டு வரியில நிறுத்திடுறேனாம். நீங்க என்கூட பேசணுமாம். தமிழ்லயே பேசலாமாம்."

தன் குறையையும் தன் தாயின் குறையையும் ஆறு வயதுப் பிள்ளை தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு டிராமில் வீடு திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியை சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது. ஏன், அதனால், முதலில், அப்புறம் என்று தமிழில் கோர்வையாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு ஜெர்மனில் புதிய சொற்கள் மட்டும்தான் தேவை. யோசிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் பேச்சே இல்லாத பிள்ளைக்கு இரண்டையும் ஒன்றாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே உங்களுக்கு எந்த மொழி சரளமாக வருமோ அதில் நிறையப் பேசுங்கள். சந்திப்புகளுக்குப் பிள்ளையைப் பேச வைக்காதீர்கள்; பள்ளியில் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அல்லது நம் சபையிலேயே ஜெர்மன் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள்.

இனி வகுப்பறைக்குள் போவோம்.

முதல் வகுப்பில் எழுத்தை அதன் பெயரால் அல்ல, ஒலியால் கற்பிக்கிறார்கள். "எம்" அல்ல, "ம்". நாம் வீட்டில் "எம், ஆ, எம், ஆ" என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை "மாமா" என்று சேர்த்து வாசிக்கத் தடுமாறும். பல வகுப்புகளில் படங்களோடு ஓர் எழுத்து அட்டவணை இருக்கும். ஆ எழுத்துக்குப் பக்கத்தில் குரங்கு, அதாவது ஆஃபே. நம் அரிச்சுவடியில் அம்மா, ஆடு, இலை என்று படித்ததும் இதே முறைதான். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

நமக்குச் சிரமம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தமிழில் ப என்ற ஒரே எழுத்து பல்லுக்கும் வரும், பைபிளுக்கும் வரும். ஜெர்மனில் அவை இரண்டு எழுத்துக்கள். பெட்டி கட்டுவதும் பாக்கன். கேக் சுடுவதும் பாக்கன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன! நான் சொல்வதைக் கேட்டு என் மகன் எழுதினால், நாங்கள் ஊருக்குப் போகச் சூட்கேஸைச் சுட்டோம் என்று முடிந்துவிடும். ஆகவே சொல்வதெழுதுதலை அவனை வாசிக்கச் சொல்லி நான் எழுத ஆரம்பித்தேன். சிவப்புப் பேனா அவன் கையில். என் தவற்றைத் திருத்துவதற்காகவே அவன் ஒவ்வொரு சொல்லையும் உற்றுப் பார்த்தான். மணலில் எழுதிய அந்த வாலிபரின் நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது.

அடுத்தது எண்கள். முதல் வகுப்பில் 20 வரை, இரண்டாம் வகுப்பில் 100 வரை, மூன்றில் 1000 வரை, நான்கில் பத்து லட்சம் வரை கணக்குப் போடுகிறார்கள். நாம் முப்பத்து நான்கு என்று பத்தை முதலில் சொல்கிறோம். ஜெர்மானியர் "நான்கும் முப்பதும்" என்று ஒன்றை முதலில் சொல்கிறார்கள். பிள்ளை காதில் கேட்ட வரிசையிலேயே எழுதி 43 ஆக்கிவிடும். என் மகன் அப்படி எழுதியபோது அவனைக் கோபித்தேன். அதே வாரம் வேலையில், தொலைபேசியில் ஒரு நோயாளியின் சர்க்கரை அளவைக் கேட்டு எழுதினேன். "நூற்று மூன்றும் அறுபதும்" என்றார்கள். நான் 136 என்று எழுதினேன். எழுதியதை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். அதனால் உடனே 163 என்று திருத்தப்பட்டது. வீட்டுக்கு வந்து மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். இது முட்டாள்தனம் அல்ல, மொழியின் வேலை. போஹும் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் லோத்தர் கெரிட்சன் போன்ற ஜெர்மானியர்களே "இருபத்தொன்று" என்று சொல்லவும் இடம் வேண்டும் என்று வாதாடியிருக்கிறார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டினோம். எண்ணை முழுவதும் கேட்ட பிறகே குச்சிகளை எடுக்க வேண்டும். மூன்று கட்டு, நான்கு உதிரி. அதைத் தமிழில் ஒருமுறை, ஜெர்மனில் ஒருமுறை சொல்ல வேண்டும். அப்புறம்தான் எழுத வேண்டும்.

கூட்டலிலும் நம் ஊர் முறையைத் திணிக்க வேண்டாம். 8உடன் 5ஐக் கூட்ட, முதலில் 2 சேர்த்து 10 ஆக்கி, மீதி 3ஐச் சேர்க்கக் கற்பிக்கிறார்கள். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுக்க முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

நம் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். "இதுவரை தானாகச் செய்தான்" என்று நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருக்கும் நோட்டைப் பார்த்தால், பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்பது ஆசிரியைக்கு எப்படித் தெரியும்?

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே, பிள்ளைகளோடு பேசுவதற்கு நான்கு வேளைகளைச் சொல்கிறார்: வீட்டில் இருக்கையில், வழியில் போகையில், படுக்கையில், எழும்புகையில். பகுதி நேர வேலை, ஷிஃப்ட் வேலை என்று ஓடும் நமக்கு இதைவிட எளிய அட்டவணை கிடையாது. எழும்பியவுடன் அவசரமில்லாமல் ஒரு காலை உணவு. பள்ளிக்குப் போகும் வழியில் கார் எண்களை வாசிப்பது, மரங்களை எண்ணுவது. வீட்டில் தாயக்கட்டை அல்லது பல்லாங்குழி. கணக்குக்கு அதைவிட நல்ல டியூஷன் இல்லை. படுக்குமுன் பத்து நிமிடம் கதை. ஒருநாள் தமிழ், ஒருநாள் ஜெர்மன். நீங்கள் வாசிக்கத் தடுமாறினால் பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

செவிலியராக ஒரே ஒரு வார்த்தை. ஆறு வயதுமுதல் பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். கைபேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். பள்ளிக்கு முன் செய்யும் பரிசோதனைகளில் கண்ணும் காதும் சரியாக இருந்தாலும், பிறகு மாறலாம். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிற பிள்ளையை, சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளே, கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. தலையில் இரண்டு புள்ளி வைத்த ஊ எழுத்து அம்மா அப்பாவுக்கு வரவே வராது. இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: "ஊ" என்று சொல்வதுபோல வாயைக் குவித்துக்கொண்டு "ஈ" என்று சொல்ல வேண்டும். எங்கே, எல்லோரும் ஒருமுறை! பார்த்தீர்களா, போதகர் ஐயாவுக்கும் வந்துவிட்டது. அம்மா அப்பா தப்பாகச் சொன்னால் சிரிக்கலாம். கேலி செய்யக் கூடாது. அவர்கள் உங்களுக்கு ழகரம் சொல்லிக்கொடுக்கும்போது நீங்களும் பொறுமையாக இருக்க வேண்டும்.

என் மகன் இப்போது என்னைவிட உயரம். பள்ளி முடிந்து வந்தால் சமையலறையில் நின்று நிறுத்தாமல் பேசுகிறான். பாதி தமிழ், பாதி ஜெர்மன். சில நாள் இரவு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் "போதும்டா, அப்புறம் சொல்லு" என்று வாய்வரை வரும். அந்தச் சந்திப்பில் அவன் தலையைக் குனிந்து சொன்னது நினைவுக்கு வரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளையும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும், நம் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.