பழுப்பு நிறத்துக் கருடன்கள்

விழுப்புரம் சாலையில் இருக்கும் திருபுவனைக்குக் கடல் இல்லை. பராந்தக சோழன் காலத்துப் பெருமாள் கோயில் உண்டு, ஏரி உண்டு, பனைமரங்கள் உண்டு. பருந்துக் குஞ்சு பார்க்கும் பயணத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

கோயில் பக்கம் செம்பருந்து வட்டமிட்டால் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்காவி உடம்பு, கருடன் அல்லவா! கொஞ்சம் பின்தங்கிப் பழுப்பாக இன்னொன்று பறக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. கருடனின் பிள்ளைதான் அது. தலை வெளுக்கவே அடுத்த ஆண்டு ஆகும். தாய் தகப்பனின் முழுக்கோலம் வருவது மூன்றாம் ஆண்டுவாக்கில்.

கள்ளப்பருந்தும் பழுப்புத்தானே, எப்படிப் பிரிப்பது? வாலைப் பாருங்கள். கள்ளப்பருந்தின் வால் நுனி கவைபோலப் பிளந்திருக்கும். செம்பருந்துக்கு, குஞ்சானாலும் கிழமானாலும், உருண்டை. நிறத்தை நம்பாதீர்கள், வெயிலில் அது ஏமாற்றும்.

பேருந்து ஏறினால் திருவாண்டார்கோயில், நடுவில் தமிழ்நாட்டுக் கண்டமங்கலம், மறுபடி புதுவையின் அரியூர், வில்லியனூர். நேரம் இருப்பவர்கள் வில்லியனூரில் இறங்கி ஊசுட்டேரிக்குப் போய் வரலாம். 2008-இல் புதுவை அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. குளிர்காலத்தில் இங்கே வரும் சேற்றுப் பூனைப்பருந்தும் பழுப்புத்தான். ஆனால் கோடை முற்றுவதற்குள் அது வடக்கே போய்விடும். ஆகவே மே மாதத்தில் இந்த நீர்மேல் பழுப்புப் பருந்து பறந்தால் குழப்பம் பாதி குறைவு.

இனி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். நம் கரையில் செம்பருந்து கூடு கட்டுவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கூடு விட்ட குஞ்சுகள் இரை தேடப் பழகும் நாளில்தான் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன் கழிவு கொட்டுவது குறைவு. கூட்டமாய்ப் பாய்ந்து அடித்துக்கொள்ளும் பருந்துகளை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றம். எனக்கோ இதுதான் நல்ல பருவம். சந்தடி இல்லாததால் ஒவ்வொரு பறவையாக நின்று பார்க்கலாம்.

முகத்துவாரத்து அலையாத்தி மரங்கள் பக்கம் திரும்புங்கள். இளம் பருந்து ஓர் இலையைக் காலில் பற்றி மேலேறும். நடுவானில் விட்டுவிடும். பிறகு தலைகீழாய்ப் பாய்ந்து அதையே பிடிக்கப் பார்க்கும், தவறும், மறுபடி வேறு இலை. விளையாட்டுத்தான், ஆனால் நீர்மேல் மிதக்கும் மீனைக் காலால் பற்றிக்கொண்டு போக வேண்டிய பிழைப்புக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? தப்பித் தண்ணீரில் விழுந்தாலும் பயமில்லை. சிறகால் துழாவி மேலெழும்பிவிடும். பக்கத்தில் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு நீண்ட குரல் கேட்டால், அதுவும் செம்பருந்துதான்.

ஜூன் 15-க்குப் பிறகு விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிடும். மீன் இறங்கும்போது இளசுகள் பெரியவற்றோடும் காக்கைகளோடும் முட்டி மோதுவதைப் பார்க்க ஆசையிருந்தால் விடியற்காலையில் வாருங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் கூடைக்காரப் பெண்களின் வழியை மறிக்காமல் ஓரமாக நின்றால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.