வேலை தேடுவோருக்கு வழி எது?

(சிலாவத்துறைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் இக்கரையோரம் வந்தனர். இன்று நம் பிள்ளைகள் வேலை தேடி அதே வளைகுடாவுக்குச் செல்கின்றனர். தரகருக்குக் கொடுக்கத் தாயின் நகை அடகுக்குப் போகின்றது.

வேலைவாய்ப்புச் சேவை இலவசமாக இருத்தல் வேண்டுமென 1948இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 88ஆம் இலக்கச் சமவாயம் விதித்தது. நம் நாட்டிலும் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களம் உண்டு. பெயரைப் பதிவதோடு அதன் கடமை தீர்ந்துவிடாது. வெற்றிடம் எங்கே, பயிற்சி யாது, சம்பளம் எவ்வளவு என்பன முசலியின் ஒவ்வொரு கிராமத்துக்கும் தமிழில் எட்டவேண்டும். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே வேலையற்றிருக்கும் உழவரையும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணியைக் கரையேற்றும் மீனவரையும் அப்பதிவு கணக்கில் கொள்ளவேண்டும்.

இது சலுகையன்று, வரி செலுத்துவோர் உரிமை. கலையுமுன் கோரிக்கை மனுவில் அனைவரும் கையொப்பமிடுங்கள்.